விற்ற விலையும் கைவந்த பொருளும்

தமிழாசிரியன் ஒருவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதப் புகின், அது சங்க இலக்கியத்தைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ இருக்குமென வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. இம்முறை அவ்வழியினின்றும் சிறிது விலகி, இணையச் சந்தைகளிற் பொருள் விற்போர் செலுத்தும் கட்டணங்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். இதனைக் கணித ஆசிரியரோ வணிகக்கல்வி ஆசிரியரோ எழுதுதலன்றோ முறை எனச் சிலர் வினவலாம். அவர்கள் எழுதினால் நன்றாகவே எழுதுவர். ஆயினும் இத்துறையில் இடர்ப்பட்டோர் கூறுவனவற்றைக் கேட்குந்தோறும் எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. கூட்டலிலும் பெருக்கலிலும் தவறியவர் சிலர்; ஒரு சொல்லின் பொருளை நின்று நோக்காது தவறியவர் பலர். சொற்பொருள் உணர்த்துதல் எம் தொழிலாதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நம் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் நியூயோர்க்கிலும் வாழ்கின்றனர். வீட்டிற் பயன்படாது கிடக்கும் புகைப்படக் கருவியையும், பிள்ளைகள் படித்து முடித்த நூல்களையும், தந்தையார் சேர்த்து வைத்த தபால் முத்திரைகளையும் இணையவழி விற்பது அந்நாடுகளில் அன்றாட நிகழ்ச்சி. சிலர் அதனையே சிறு தொழிலாகவும் கொண்டுள்ளனர். பெருவணிகருக்குக் கணக்கர் உளர்; ஓரிடத்திற் கழிந்ததை இன்னோரிடத்தில் ஈடுசெய்வர். இருபது டொலர்ப் பொருளை விற்று ஐந்து டொலர் மிச்சம் காண எண்ணும் சிறு விற்பனையாளருக்கோ அவ்வாறு இயலாது. அவர் எதிர்பாராத ஒரு கட்டணம் அவ்வைந்து டொலரையும் விழுங்கிவிடும். மாலை முழுதும் பொதி கட்டித் தபாற் கந்தோருக்கு நடந்த உழைப்பும் வீணாகும்.

இச்சந்தைகளுள் மூத்தவற்றுள் ஒன்றாகிய ஈபேயையே உதாரணமாகக் கொள்வோம். 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பியர் ஒமிடியார் என்னும் கணினி வல்லுநர் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், 'ஓக்ஷன்வெப்' என்னும் பெயருடன் இதனைத் தொடங்கினார். அதில் முதன்முதல் விலைபோன பொருள் பழுதுற்ற லேசர்ச் சுட்டி ஒன்று. விலை 14 டொலர் 83 சதம். பழுதுற்றதையும் விரும்பிக் கொள்வான் ஒருவன் எங்கோ உளன் என்பதும், அவனைத் தேடித் தருவதே இச்சந்தையின் பணி என்பதும் அன்றே தெளிவாயின. தொடக்கத்திற் கட்டணம் எதுவும் இருக்கவில்லை. வருவோர் தொகை பெருகவே, இணையத் தொடர்பு வழங்கிய நிறுவனம் மாதம் 250 டொலர் கேட்கலாயிற்று. அச்செலவை ஈடுசெய்ய 1996இல் ஒமிடியார் கட்டணம் விதித்தார்: பொருள் 25 டொலருக்கு உட்பட்டதாயின் விற்ற விலையில் நூற்றுக்கு 5, மேற்பட்டதாயின் நூற்றுக்கு 2.5. ஒரு வரியில் எழுதி முடித்துவிடத்தக்க விதி. இன்று அச்சந்தையின் கட்டண விதிகள் பொருள்வகை தோறும் பிரிந்து, பல பக்கங்களுக்கு விரிந்து கிடக்கின்றன.

சந்தைக்கு இடங்கொடுத்தோர் அதற்கெனக் கூலி கொள்வது தமிழருக்குப் புதிய செய்தியன்று. சுங்கம், ஆயம், தரகு என இதற்கு நம்மிடம் சொற்களும் பலவுள. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலையிற் படித்திருக்கிறோம். முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று ஒரு பெயருண்டு. சுங்கத்தை நீக்கியதே ஓர் அரசனுக்குப் புகழ்ப்பெயராயிற்று எனின், அது மக்களுக்கு எத்துணைப் பாரமாய் இருந்திருத்தல் வேண்டும்! இன்றைய இணையச் சந்தைகளை ஆள்வோர் அத்தகைய பெயரை விரும்புவாரெனத் தோன்றவில்லை. ஆதலின் கட்டணம் உண்டு என்பதை வைத்துக்கொண்டே நாம் கணக்கிடல் வேண்டும். வாங்குவோரைத் தேடித் தந்தமைக்கும், பணத்தைப் பெற்றுத் தந்தமைக்கும் ஒரு பங்கு கொடுப்பது நியாயமுமாம். நாம் தவிர்க்க வேண்டியது எதிர்பாராத கட்டணத்தையே.

எதிர்பாராத கட்டணம் என்றேன். மறைத்து வைத்த கட்டணம் என்று சொல்லவில்லை. பெரிய சந்தைகளின் விதிகளிற் பெரும்பாலும் எல்லாம் எழுதியே இருக்கின்றன. பரீட்சைக்கு முதல்நாள் பாடலின் பொழிப்புரையை மட்டும் ஓடிப் படித்துப் பதவுரையை விட்டுவிடும் மாணவனைப் போல, விற்போர் 'நூற்றுக்கு இவ்வளவு' என்னும் எண்ணை மட்டும் மனத்திற் கொண்டு, அதனைச் சூழ்ந்து நிற்கும் சொற்களை விட்டுவிடுகின்றனர். எந்தச் சந்தையின் விதியை எடுத்துக்கொண்டாலும் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். கட்டணம் எதன்மீது? கட்டணம் எப்பொழுது? கட்டணம் எவர் இசைவால்? இவற்றுள் முதல் வினாவே மிகப் பலரை ஏமாற்றுவது.

ஈபேயின் அமெரிக்கச் சந்தையில், கடைச் சந்தா எடுக்காத விற்பனையாளருக்கு, பெரும்பாலான பொருள்வகைகளுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் விதிக்கப்பட்ட வீதம் நூற்றுக்கு 13.6. இதனோடு ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நிலையான தொகை உண்டு: 10 டொலர் வரையாயின் 30 சதம், மேற்படின் 40 சதம். இவ்வீதங்கள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியன. விற்கும் நாளில் உள்ள அட்டவணையையே பார்க்க வேண்டும். நமக்கு இங்கு முக்கியமானது எண்ணன்று. எதன்மீது அந்த எண் ஏறுகிறது என்பதே. பொருளின் விலையிலா? அன்று. 'விற்பனையின் மொத்தத் தொகையில்' என்பது விதி. அம்மொத்தத்துள் பொருளின் விலை, வாங்குவோர் தரும் தபாற் செலவு, பொதி கட்டும் கூலி, வாங்குவோர் செலுத்தும் விற்பனை வரி ஆகிய யாவும் அடங்கும். 'விலையில்' என்பதற்கும் 'மொத்தத்தில்' என்பதற்கும் உருபு ஒன்றே. உருபேற்ற பெயர்கள் வேறு. அவ்வேற்றுமையை நோக்காதவனுடைய கணக்கு, பெருக்கல் பிழையின்றி இருந்தும் பிழையாகவே முடியும்.

இவற்றுள் வரியைப் பற்றிய செய்தி வியப்புக்குரியது. 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம், மாநிலத்திற்கு வெளியிலிருந்து விற்போரிடமும் விற்பனை வரியைக் கோரலாமெனத் தீர்ப்பளித்தது. அதன்பின் விற்பனை வரியுள்ள மாநிலங்கள், அவ்வரியை வாங்குவோரிடமிருந்து அறவிட்டு அரசுக்குச் செலுத்தும் பொறுப்பைச் சந்தை நிறுவனங்கள்மீதே சுமத்தின. ஆகவே அவ்வரிப் பணம் விற்பவரின் கையை ஒருபொழுதும் அடைவதில்லை. அடையாத அப்பணத்தின்மீதும் கட்டணம் கணிக்கப்பட்டு விற்பவரிடமிருந்து கழிக்கப்படுகிறது. வாங்குவோர் வாழும் மாநிலத்துக்கு ஏற்ப வரி மாறுவதால், ஒரே விலைக்கு விற்ற இரு பொருள்களுக்குக் கட்டணம் இருவேறாக வருவதும் இதனாலேயே.

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒருவர் 20 டொலர் விலைக்கு ஒரு மேசை விளக்கை விற்கிறார் எனக் கொள்க. வாங்குபவர் தபாற் செலவாக 6 டொலரும், வரியாக ஏறத்தாழ 2 டொலரும் சேர்த்து 28 டொலர் செலுத்துகிறார். விற்பவர் மனத்திற் போட்ட கணக்கு, 20 டொலரில் நூற்றுக்கு 13.6, அஃதாவது 2 டொலர் 72 சதம். உண்மையிற் கழிவது 28 டொலரில் நூற்றுக்கு 13.6 ஆகிய 3 டொலர் 81 சதமும், நிலையான 40 சதமும். மொத்தம் 4 டொலர் 21 சதம். பொருளின் விலையோடு ஒப்பிடின் இது நூற்றுக்கு 21 ஆகிறது. விளக்கை அவர் 12 டொலருக்கு வாங்கியிருந்தால், தமக்கு 5 டொலர் 28 சதம் மிஞ்சும் என அவர் எண்ணியிருப்பார். மிஞ்சுவது 3 டொலர் 79 சதமே. பெட்டிக்கும் ஒட்டுநாடாவுக்கும் 80 சதம் சென்றால் 3 டொலருக்கும் ஒரு சதம் குறைவு.

விலை குறைந்த பொருள்களில் இதன் கொடுமை இன்னும் மிகுதி. நூல்களுக்கு அதே ஆண்டில் விதிக்கப்பட்ட வீதம் நூற்றுக்கு 15.3. பழைய நூல் ஒன்றை 3 டொலருக்கு விற்று, தபாற் செலவாக 4 டொலர் 50 சதம் பெற்று, வரி 50 சதமும் சேர்ந்து மொத்தம் 8 டொலரானால், கட்டணம் 1 டொலர் 52 சதம் ஆகும். நூலின் விலையிற் பாதிக்கும் மேல் சந்தைக்கே போய்விட்டது. நூலாசிரியருக்கும் பதிப்பாளருக்கும் இவ்வுலகில் அத்தகைய பங்கு கிடைத்ததுண்டோ, அறியேன்! இத்தகைய மலிவான நூல்களை ஒவ்வொன்றாக விற்காமல், ஒரே துறையைச் சேர்ந்த ஐந்தாறு நூல்களை ஒரு பொதியாக்கி விற்பின், நிலையான தொகையும் தபாற் செலவும் ஒருமுறையோடு முடியும்.

'தபாற் செலவு இலவசம்' என விளம்பரம் செய்தால் இக்கட்டணத்தைத் தப்பலாமெனச் சிலர் கருதுகின்றனர். தபாற் செலவை விலைக்குள் அடக்கினாலும் வெளியில் நிறுத்தினாலும் மொத்தம் ஒன்றே, கட்டணமும் ஒன்றே. விலையைத் தாழ்த்தித் தபாற் செலவை உயர்த்துவோரின் பழைய தந்திரத்தைத் தடுக்கவே மொத்தத்தின்மீது கட்டணம் ஏற்றும் வழக்கம் வந்தது.

எல்லாச் சந்தைகளிலும் இம்மொத்தம் ஒன்றென்று எண்ணிவிடலாகாது. கைவினைப் பொருள்களுக்குப் பேர்பெற்ற எட்சி என்னும் சந்தை 2005இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் தொடங்கியது. அதன் விற்பனைக் கட்டணம் 2018இல் நூற்றுக்கு 3.5 இலிருந்து 5 ஆக உயர்ந்தது. அப்பொழுதே தபாற் செலவின்மீதும் அது ஏறியது. 2022 ஏப்ரலில் 6.5 ஆக உயர்ந்தபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர் ஒரு கிழமை தம் கடைகளை மூடி எதிர்ப்புக் காட்டினர். அமெரிக்காவில் இந்த 6.5 கணிக்கப்படுகையில் விற்பனை வரி சேர்க்கப்படுவதில்லை. ஆனால் பணம் பெற்றுத் தருவதற்கென அதே சந்தை வேறாக வாங்கும் நூற்றுக்கு 3 என்னும் கட்டணமும் 25 சதமும் வரியையும் உள்ளடக்கிய தொகையின்மீது கணிக்கப்படுகின்றன. ஒரே கடையில், ஒரே விற்பனையில், இரண்டு கட்டணங்களுக்கு இரண்டு அடித்தளங்கள்! ஈபேயிற் பணம் பெறும் கட்டணம் தனியாக இல்லை. முன்னர் அதனைப் பேபால் நிறுவனம் வேறாக வாங்கியது. 2021 அளவில் ஈபேயே பணத்தைப் பெற்று வழங்கும் முறை நிலைபெற்றபின் இரண்டும் ஒன்றாயின. ஆகவே ஒரு சந்தையின் வீதம் குறைந்தது, மற்றதன் வீதம் கூடியது என எண்களை மட்டும் அருகருகே வைத்து முடிவு செய்வது பேதைமை.

இரண்டாவது வினா, கட்டணம் எப்பொழுது என்பது. விற்றபின் வருவதே கட்டணம் என நாம் எண்ணுகிறோம். விற்காமலே வருவதும் உண்டு. பொருளைச் சந்தையிற் பதிவதற்கே ஒரு கட்டணம் உண்டு. ஈபேயில் மாதத்துக்கு 250 பதிவுகள் வரை அது அறவிடப்படுவதில்லை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 35 சதம். ஒரே பொருளை இரண்டு வகைப்பிரிவுகளிற் பதிந்தால் இரு மடங்கு. பொருள் விலைபோகாவிடினும் அது திரும்பாது.

இங்கே ஒரு சிறு தொடர் பெரிய வேலை செய்கிறது. நிலையான விலைக்கு விற்கும் பதிவுகள் யாவும், 2019 மார்ச் மாதம் முதல், 'நீக்கும்வரை நிற்பன' என்னும் ஒரே முறைக்குள் அமெரிக்கச் சந்தையிற் கொண்டுவரப்பட்டன. முன்னர் 7 நாள், 30 நாள் என ஒரு கால எல்லையை விற்பவர் தாமே வைக்கலாம்; எல்லை முடிந்ததும் பதிவு வீழ்ந்துவிடும். இப்பொழுது அது மாதந்தோறும் தானே புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு புதிய பதிவாகவே எண்ணப்படுகிறது. 'நிற்பன' என்பது அசையாது நிற்பதைக் குறிப்பதாக நாம் கொள்கிறோம். சந்தையின் அகராதியிலோ அது மாதந்தோறும் ஒருமுறை இறந்து மறுபடி பிறப்பதைக் குறிக்கிறது. ஒருவர் 300 பழைய முத்திரைகளைத் தனித்தனியே பதிந்துவிட்டுச் சும்மா இருந்தால், 250 போக எஞ்சிய 50க்கும் மாதம் 17 டொலர் 50 சதம் கழியும். ஆண்டு முழுதும் ஒரு முத்திரையும் விலைபோகாவிடின் 210 டொலர். எட்சியில் ஒரு பதிவுக்கு 20 சதம். அது நான்கு மாதம் நிற்கும். பின்னர் தானே புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்தாவிடின் மறுபடியும் 20 சதம். இருபது சதந்தானே என்று விட்டுவிட்ட 200 பதிவுகளுக்கு ஆண்டொன்றில் 120 டொலர் ஆகிறது. மாத முடிவில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, நீண்ட நாட் கேட்பாரற்றுக் கிடக்கும் பதிவுகளை நீக்கிவிடுவதே இதற்கு மருந்து.

ஏலத்தில் விடும் பொருளுக்குக் 'குறித்த விலைக்குக் கீழே கொடேன்' எனச் சொல்லி ஒரு மறைவான விலையை வைக்க விரும்புவோர் உளர். ஈபேயில் அதற்கும் கட்டணமுண்டு. 5 டொலர் அல்லது அம்மறைவிலையில் நூற்றுக்கு 7.5, இவற்றுள் எது கூடியதோ அது. ஏலம் நிறைவேறாவிடினும் அதனைக் கொடுத்தேயாக வேண்டும். ஏலத்தைத் தொடங்கும் விலையையே வேண்டிய அளவில் வைத்துவிட்டால் இது தேவையில்லை. தலைப்பைத் தடித்த எழுத்திற் காட்டுவது, தலைப்பின்கீழ் உபதலைப்பு இடுவது முதலிய அலங்காரங்களும் தனித்தனி விலையுள்ளன. பதிவு புதுப்பிக்கப்படும்போது அவற்றின் விலையும் மறுபடி அறவிடப்படும். நல்ல ஒளியில் எடுத்த நான்கு படங்களும் பிழையற்ற விவரமும் செய்யாத வேலையைத் தடித்த எழுத்து செய்துவிடும் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவது வினா, எவர் இசைவால் என்பது. விளம்பரக் கட்டணம் இதன்கண் அடங்கும். ஈபேயில் ஒரு பதிவைப் பிறவற்றினும் முன்னிறுத்திக் காட்டவேண்டின், விற்பவர் தாமே ஒரு வீதத்தைக் குறித்து அதற்கு உடன்படலாம். விற்பனை நிகழ்ந்தாலே அது கழியும். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஆயினும் அவ்வீதமும் வரியும் தபாற் செலவும் அடங்கிய மொத்தத்தின்மீதே ஏறுகிறது. முன்னர்ச் சொன்ன விளக்குக்கு நூற்றுக்கு 8 என்று உடன்பட்டிருந்தால், 28 டொலரில் 2 டொலர் 24 சதம் மேலும் போகும். எஞ்சுவது 75 சதமே. சந்தை எடுத்துக்காட்டும் வீதம் சந்தைக்கு நல்ல வீதம்; அது நமக்கும் நல்லதுதானா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

எட்சியின் வழி இன்னும் நுட்பமானது. 2020இல் அது தொடங்கிய புறவிளம்பர ஏற்பாட்டின்படி, சந்தை தன் செலவில் வேறு தளங்களில் விளம்பரம் செய்யும். அதனைத் தொட்டு வந்த ஒருவர் 30 நாட்களுக்குள் அக்கடையில் எதனை வாங்கினாலும் கட்டணம் உண்டு. விளம்பரத்திற் கண்ட பொருளைத்தான் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. ஓராண்டில் 10,000 டொலருக்குக் குறைவாக விற்பவருக்கு வீதம் நூற்றுக்கு 15. அவர் வேண்டாமென்று சொல்லி விலகலாம். விலகுவதாகச் சொல்லாதவர் சேர்ந்தவராகவே எண்ணப்படுவார். அத்தொகையைத் தாண்டியவருக்கு வீதம் 12. அவர் விலக இயலாது. நம் வழக்கில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர். திருமணப் பேச்சில் மணமகளின் மௌனத்துக்குச் சொன்ன அவ்விதி வணிகத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே கணக்குத் தொடங்கிய அன்றே அமைப்புப் பகுதிக்குட் சென்று, நாம் இடாத அடையாளம் எந்தக் கட்டத்தில் ஏற்கனவே இடப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும்.

இம்மூன்றையும் அறிந்தபின் விலையைக் குறிப்பது எங்ஙனம்? பலர் தமக்கு வேண்டிய தொகையோடு நூற்றுக்கு 13.6 கூட்டி விலையிடுகின்றனர். இது தவறு. கட்டணம் நாம் கூட்டிய புதிய தொகையின்மீது விதிக்கப்படுவது, பழைய தொகையின்மீதன்று. கூட்டுவதன்று, வகுப்பதே முறை. விளக்கு வாங்கிய 12 டொலர், தபாற் செலவு 6, பெட்டி 80 சதம், விரும்பும் இலாபம் 4 டொலர். ஆக 22 டொலர் 80 சதம் கைக்கு வரவேண்டும் என்று கொள்வோம். இதனோடு நிலையான 40 சதத்தைக் கூட்ட 23 டொலர் 20 சதம். வரி நூற்றுக்கு 8 ஆயின், நாம் கேட்கும் ஒவ்வொரு 100 டொலரும் சந்தைக்கு 108 ஆகத் தோன்றும். 108இல் நூற்றுக்கு 13.6 என்பது ஏறக்குறைய 14.69. எனவே நமக்கு எஞ்சுவது நூற்றுக்கு 85.31. 23.20ஐ 0.8531ஆல் வகுக்க 27 டொலர் 19 சதம் வரும். தபாற் செலவு 6 போக, பொருளின் விலை 21 டொலர் 19 சதம். கூட்டி விலையிட்டவரோ 22.80ஓடு அதன் நூற்றுக்கு 13.6ஐச் சேர்த்து 25 டொலர் 90 சதம் கேட்டிருப்பார். கட்டணம் கழிந்தபின் அவர் கைக்கு வருவது 21 டொலர் 70 சதம். இலாபத்தில் 1 டொலர் 10 சதம் எங்கே போயிற்று என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். வாங்குவோரின் மாநிலம் முன்கூட்டித் தெரியாதாதலின் வரியைச் சற்றுக் கூட்டியே மதிப்பிட்டுக்கொள்வது பாதுகாப்பு.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்வேன். அமேசான் சந்தையிற் சிறுவிற்பனையாளர் திட்டத்தைக் கொண்டோர் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 99 சதமும், தொழில்முறைத் திட்டத்தைக் கொண்டோர் மாதத்துக்கு 39 டொலர் 99 சதமும், பொருள்வகைக்கு ஏற்ற தரகுக்கு மேலாகச் செலுத்துவர். மாதத்துக்கு 40 பொருளுக்கு மேல் விற்பவருக்குப் பின்னது இலாபம். ஒன்றும் விற்காத மாதத்திலும் பின்னது நிற்காது என்பதை மறக்கலாகாது. வாங்கியவர் பொருளைத் திருப்பினால், அமேசான் தான் பெற்ற தரகை முழுதும் திருப்பாது. அதில் நூற்றுக்கு 20 அல்லது 5 டொலர், எது குறைந்ததோ அதனைத் தனக்கென வைத்துக்கொள்ளும். ஈபேயில் அமெரிக்க விற்பனையாளர் பிறநாட்டுக்குப் பொருளனுப்பின் மொத்தத்தில் நூற்றுக்கு 1.65 மேலதிகமாகக் கழியும். நாணய மாற்று நிகழுமாயின் அதிலும் ஒரு கழிவுண்டு.

இலண்டனிலுள்ள அன்பர்களுக்கு ஒரு செய்தி. பிரித்தானியச் சந்தையில் தனியாட்களாக விற்போருக்கு, மோட்டார் வாகனம் நீங்கலாக, விற்பனைக் கட்டணத்தை ஈபே 2024 ஒக்டோபரில் நீக்கியது. 2025 பெப்ரவரியில் வாங்குவோர்மீது ஒரு பாதுகாப்புக் கட்டணம் வந்தது. விற்பவர் குறித்த விலையோடு அது சேர்ந்தே வாங்குவோர் கண்ணுக்குத் தோன்றும். சுங்கம் தவிர்ந்ததாகச் சிலர் மகிழ்ந்தனர். சுங்கச்சாவடி தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறியதென்பதே பொருந்தும். போட்டியாளரின் விலையோடு தம் விலையை ஒப்பிடுவோர், தாம் எழுதிய விலையையன்றி வாங்குவோர் காணும் விலையையே ஒப்பிடல் வேண்டும்.

கட்டணத்துக்கு அஞ்சி, சந்தையில் ஆளைப் பிடித்து வெளியிற் பணத்தைப் பெறுவோரும் உளர். சந்தை விதிகளை மீறிய அச்செயலுக்கு ஈபே, பொருள் விலைபோகாவிடினும், விற்பனைக் கட்டணத்தை விதிக்கலாம், கணக்கையும் நிறுத்தலாம். பணம் வராவிடினும் பொருள் சேராவிடினும் முறையிட இடமுமில்லை. இஃது எதிர்பாராத கட்டணத்தைத் தவிர்க்கும் வழியன்று.

முன்னாளிற் சந்தைகள் மாதமுடிவிற் கணக்கனுப்பிப் பணம் கேட்டன. கேட்டபோது மனிதன் விழித்துப் பார்த்தான். இன்று கட்டணத்தைக் கழித்துக்கொண்டு எஞ்சியதையே வங்கிக்கு அனுப்புகின்றன. வங்கிப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவன் எஞ்சியதையே அறிவான், கழிந்ததை அறியான். ஆகவே ஒவ்வொரு விற்பனைக்கும் சந்தை தரும் விவரக் கணக்கைத் திறந்து, தாம் முன்கூட்டி எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடல் வேண்டும். நூறு பொருளை ஒருங்கே பதியுமுன் ஒன்றை மட்டும் பதிந்து விற்று, கழிவுகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு எஞ்சிய தொண்ணூற்றொன்பதைப் பதிவது நன்று. எதிர்பாராதது ஏதேனும் இருப்பின் அது ஒரு பொருளோடு நிற்கும்.

மாணவருக்கு ஒரு பயிற்சி. 25 டொலருக்கு வாங்கிய கைக்கடிகாரம் ஒன்றை ஒருவர் 35 டொலருக்கு விற்கிறார். தபாற் செலவு 7 டொலர்; வரி 3 டொலர். கட்டணம் மொத்தத்தில் நூற்றுக்கு 13.6உம் நிலையான 40 சதமும் எனக் கொள்க. விளம்பரத்துக்கு நூற்றுக்கு 5 என உடன்பட்டிருந்தால் அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு? நட்டமின்றி அவ்வீதத்தை எதுவரை உயர்த்தலாம்? முதலாவதன் விடை 1 டொலர் 23 சதம். இரண்டாவதன் விடை நூற்றுக்கு 7.7. வேறு விடை பெற்றோர், 35இலா, 42இலா, 45இலா நூற்றுவீதம் கண்டனர் என்பதை மீண்டும் பார்க்கவும்.